சலவைக்கூடத்துக் கசிவு

தண்ணீர் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

சமையலறை மீட்டர் இறங்கிவிட்டது. தோட்டத்து மீட்டரும் இறங்கிவிட்டது. நீச்சல் குளத்துக்குப் பாய் போட்டு மூடி வைத்ததில் அங்கேயும் மிச்சம். சலவைக்கூடத்து மீட்டர் மட்டும் யார் பேச்சையும் கேட்பதாக இல்லை. அதன் முள் பழைய வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"கசிவுதான் மேடம், சந்தேகமே இல்ல," என்றார் பம்ப்காரர்.

ஹோட்டலின் பின்பக்கம், ஜெனரேட்டருக்கும் குப்பை அறைக்கும் நடுவில் இருந்த பம்பு அறை அவருடையது. நான்கு மாடிகளிலும் எந்தக் குழாயை யார் திறந்தாலும் அவர் காதுக்குத் தெரியும் என்று ஹோட்டலில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் அவர் பீற்றிக்கொள்கிறார் என்றார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் கொஞ்ச நாளாக அந்தக் காதுக்கு ஒரு புதுச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு விக்கல். தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைக் குடிக்கிற சத்தம். மழை வரவேண்டிய மாதம் வெறும் புழுதியோடு போனபோது விக்கல் அதிகமானது.

அதனால்தான், புதிதாக வந்த இளம் மானேஜர் "இனிமே நம்ம ஹோட்டல் பச்சை ஹோட்டல்" என்று அறிவித்து, யார் யார் கூட வருகிறீர்கள் என்று கேட்டபோது முதலில் கை தூக்கியவர் பம்ப்காரர்தான். அவர் சட்டைப் பையில் ஓர் இலை வடிவ பேட்ஜ் ஏறியது. அந்த மானேஜருக்கு அன்றே 'பச்சை மேடம்' என்று பெயர் ஏறியது.

"கசிவா? எங்கே?" என்றார் பச்சை மேடம். "ரூமுக்கு ரூம் அட்டை வச்சிருக்கோம். துண்டைக் கம்பியில மாட்டினா துவைக்க வேண்டாம், தொட்டியில போட்டா துவைக்கணும். கெஸ்ட்ல பாதிப் பேர் ஒழுங்கா மாட்டி வைக்கறாங்க. நானே போய்ப் பார்த்தேன். அப்புறமும் சலவைத் தண்ணி குறையலைன்னா என்ன அர்த்தம்?"

"குழாய்ல எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். ஒரு வாரம் விடுங்க. கையும் களவுமா பிடிச்சுத் தரேன்."

பேட்ஜைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திவிட்டுக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

டார்ச்சோடு தரைக்கடியில் இறங்கினார். வால்வுகளைத் திறந்து மூடினார். சுவரில் காதை வைத்துக் கேட்டார். மெஷின்களுக்குப் பின்னால் தவழ்ந்து, முழங்காலெல்லாம் சுண்ணாம்பாக எழுந்து வந்தார்.

கசிவு இல்லை.

அதாவது, குழாயில் இல்லை. கசிவு அந்த நேரத்தில் மூன்றாம் மாடியில், ஏப்ரன் கட்டிக்கொண்டு, ஒரு குளியலறையில் நின்றுகொண்டிருந்தது.

அது அவருடைய மனைவி.

*

ஹோட்டலில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்த செக்யூரிட்டிகூட "என்ன அண்ணி, லேட்டு?" என்றுதான் கேட்பான். சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அவளுடைய நாத்தனார் அப்படிக் கூப்பிட, அது அப்படியே மாடிப்படி ஏறி எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அண்ணி முன்னால் கம்பியில் ஒரு வெள்ளைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒழுங்கான மனிதர், நாலு மூலையும் சேர மாட்டியிருந்தார். பக்கத்தில் பச்சை அட்டை.

அண்ணி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். துண்டை உருவினாள். மூன்றாக மடித்தாள். ஓரத்தை உள்ளே செருகினாள். பிறகு வண்டியில் தொங்கிய, சிவப்புக் கயிறு போட்ட அழுக்குப் பைக்குள் போட்டுவிட்டுப் புதுத் துண்டை மாட்டினாள்.

துவைக்கப் போகிற துண்டை எதற்கு மடிக்கவேண்டும்? அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. மடித்தோம் என்பதுகூடத் தெரியாது. கை செய்தது.

எதற்காகத் துவைக்கப் போடவேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

கொஞ்ச நாள் முன்பு துணி அறையில் படுக்கை விரிப்பு எண்ணிக்கொண்டிருந்தபோது, அலமாரிக்கு அந்தப் பக்கம் பெரிய சாவி யாரிடமோ போனில் பேசியது அவள் காதில் விழுந்தது. எல்லா அறைகளையும் திறக்கும் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கும் மேற்பார்வையாளருக்கு அதுதான் பெயர்.

"சலவை குறைஞ்சுதுன்னா சாயங்கால ஷிப்டே வேண்டாமேங்க. பழைய ஆளைக் காலையில தள்ளிடலாம். அந்தப் பொண்ணு புதுசுதானே, அவளை நிறுத்திட்டா போச்சு."

அந்தப் பொண்ணு என்றால் பாப்பா.

பாப்பாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஆனாலும் பம்ப்காரருக்குத் தங்கை என்றைக்கும் பாப்பாதான். போன வருஷம் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள். என்ன ஆச்சு என்று அண்ணன் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அண்ணியிடம் மட்டும், பாத்திரம் துலக்கிக்கொண்டே, ஒரே ஒரு வரி சொன்னாள்.

"கதவைச் சாத்துவார் அண்ணி."

அவ்வளவுதான். அதற்குமேல் அண்ணியும் கேட்கவில்லை. அன்றைக்கே உள்ளறைக் கதவைத் திறந்து சுவரோடு சேர்த்துக் கட்டிவிட்டு ஒரு திரையைப் போட்டாள். பாப்பா குளிக்கப் போனால் கதவு முழுக்கச் சாத்தாதபடி ஒரு வாளி நடுவில் நிற்கும். அந்த வாளியை யாரும் நகர்த்த மாட்டார்கள். பம்ப்காரர் அந்த நேரத்தில் வாசல் பக்கம் போய்விடுவார். அந்த வீட்டில் 'கதவு' என்ற வார்த்தையே மெல்ல மெல்லப் புழக்கத்திலிருந்து போய்விட்டது. "வாசலைப் பாத்துக்கோ" என்பார்கள். "திரையை இழுத்து விடு" என்பார்கள்.

சலவைக்கூடத்துக்குக் கதவே கிடையாது. நீளநீளமாய்ப் பிளாஸ்டிக் பட்டைகள்தான் தொங்கும். தள்ளுவண்டியோடு உள்ளே போனால் தானாக விலகும், தானாகச் சேரும். ஒரே ஆவி, ஒரே இரைச்சல். பாப்பாவுக்கு அந்த இடம் பிடித்துப்போனதற்கு அண்ணிக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. போன மாதம் பாப்பாவின் புருஷன் வீட்டுச் சார்பாகப் பெரியப்பா வேறு போன் செய்திருந்தார். "வேலை வேலைன்னு சொல்லிட்டு இருக்கா. சரி, வேலை இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் அனுப்பிடுங்க," என்றார்.

வேலை இருக்கிற வரைக்கும்.

அண்ணி அடுத்த அறைக் கதவைத் தட்டினாள். "ஹவுஸ்கீப்பிங்!" அங்கேயும் ஒரு துண்டு தொங்கியது. அதையும் உருவினாள்.

புருஷனிடம் ஏன் சொல்லவில்லை என்றால், அதற்கும் காரணம் உண்டு. மனுஷனுக்கு வாயில் எதுவும் நிற்காது. நேரே மேடத்தின் முன்னால் போய் நின்று எதையாவது கொட்டிவிடுவார். பாப்பாவின் வேலையோடு அவர் வேலையும் போகும்.

*

ஊழியர்கள் சாப்பிடுகிற கூடத்தில் மதியத்தில் இதே பேச்சுதான் ஓடும். பம்ப்காரர் வருகிற வரைக்கும்.

"மாட்டியிருக்கா, போட்டிருக்கான்னு ஒவ்வொண்ணா பாத்துட்டு நிக்க எனக்கு என்ன நாலு கையா?" என்றாள் இரண்டாம் மாடிக்காரி, ரொட்டியைப் பருப்பில் முக்கிக்கொண்டே. "எல்லாத்தையும் சேத்துச் சுருட்டு, பைல போடு, புதுசை வை, நடையைக் கட்டு. அட்டை வந்துச்சே, கூட ஒரு ஆள் வந்துச்சா?"

"எனக்கு அது இல்ல," என்றாள் நாலாம் மாடிக்காரி. "அட்டையை நம்பித்தான் அன்னிக்கு ஒரு அம்மாவோட துண்டை மாத்தாம விட்டேன். கீழ போய் எழுதிக் குடுத்துட்டா, ரூம் சுத்தம் இல்லைன்னு. பெரிய சாவி என்னைத்தான் காய்ச்சினா. அட்டையைக் கூப்பிட்டா காய்ச்சினா?"

குப்பை அறைக்காரர் சிரித்தார். "உங்களுக்காவது துண்டு. நான் மூணு டப்பாவில உக்காந்து பிரிக்கறேன். இது மக்கும், இது மக்காது, இது கண்ணாடின்னு. லாரி வருது. மூணையும் ஒரே வாயில அள்ளிப் போட்டுக்கறான். 'ஏம்ப்பா?'ன்னா, 'எனக்கு ஒரே வாய்தாண்ணே'ங்கறான். அதுலேருந்து நானும் மேல மேல பாத்துட்டுப் போட்டுடறேன்."

"உங்க வீட்டுக்காரர் காதுல விழுந்தா நாம தொலைஞ்சோம் அண்ணி," என்றாள் இரண்டாம் மாடிக்காரி.

"அவருக்குக் குழாய் பேசறதுதான் கேக்கும், மனுஷங்க பேசறது கேக்காது," என்றாள் அண்ணி.

சிரிப்பு அடங்குவதற்குள் யாரோ முணுமுணுத்தார்கள். "இலை வருது, இலை வருது."

பம்ப்காரர் சட்டையில் இலை மின்ன, சுண்ணாம்பு முழங்காலோடு வந்து உட்கார்ந்தார். பேச்சு வெயில் பக்கம் திரும்பியது.

"என்னங்க, கசிவு கிடைச்சுதா?" என்று குப்பை அறைக்காரர் ரொம்ப அப்பாவியாகக் கேட்டார்.

"கிடைக்கும். எங்க போயிடும்?"

அண்ணி முட்டையை இரண்டாக வெட்டிப் பெரிய பாதியைப் புருஷன் தட்டில் வைத்தாள். தலையைத் தூக்கவில்லை.

*

குழாயெல்லாம் பார்த்து முடித்த பிறகு, மிச்சம் இருந்தது சலவைக்கூடத்து ஆட்களைக் கேட்பது மட்டும்தான். காலை ஷிப்டில் அங்கே இருப்பவருக்கு 'ஆவி' என்று பெயர். பார்த்துக்கொண்டே இருக்கும்போது வெள்ளைப் புகைக்குள் மறைவார், வேறெங்கோ முளைப்பார்.

"குழாயைப் பாத்தீங்க, மெஷினைப் பாத்தீங்க, என்னையும் பாத்தாச்சு," என்றார் ஆவி. "மூட்டையைப் பாத்தீங்களா?"

"மூட்டையில என்ன இருக்கு?"

"என்ன இருக்குன்னா... தண்ணி மெஷின்லேருந்து போறது இல்லையே. மேலேருந்து துணி வரவரத்தானே போகுது? இப்ப பாருங்க." ஆவி ஒரு பையைக் கவிழ்த்தார். "இது ரெண்டாம் மாடி. பந்து பந்தா சுருட்டி வந்திருக்கு. நனைஞ்சது, நனையாதது எல்லாம் ஒரே கும்பல். அவசரம், தெரியுதா? இது நாலாம் மாடி. இதுவும் அப்படித்தான், கொஞ்சம் பரவால்ல." பிறகு சிவப்புக் கயிற்றை அவிழ்த்தார். "இது மூணாம் மாடி. நல்லா பாத்துக்குங்க."

பைக்குள் மேலாக நாலைந்து துண்டுகள் அடுக்காக இருந்தன. அலமாரியைத் திறந்தது போல.

"அழுக்கு மூட்டையில யாருங்க துண்டை மடிச்சுப் போடுவாங்க?" என்றார் ஆவி. "நான் இத்தனை வருஷத்துல கண்டதில்ல."

பம்ப்காரர் ஒரு துண்டை எடுத்தார். கனமே இல்லை, காய்ந்திருந்தது. மூன்றாக மடித்து, ஓரம் உள்ளே செருகப்பட்டிருந்தது.

அதே மடிப்பு அவருடைய சாப்பாட்டுப் பாத்திரத்தைச் சுற்றிய துணியில் அந்த நிமிஷம் பம்பு அறையில் இருந்தது. அதே மடிப்பு வீட்டில், முகம் துடைக்கும் துண்டில், அவர் சட்டைகளில், தலையணை உறைகளில், எங்கே கை வைத்தாலும் இருந்தது.

மோட்டார் எங்கோ விக்கியது. அல்லது அவருக்கு அப்படிக் கேட்டது.

"யாருங்க போடுவாங்க?" என்று மறுபடியும் கேட்டார் ஆவி.

"ஆமா. யாரு போடுவா," என்றார் பம்ப்காரர். துண்டை இருந்த மாதிரியே பைக்குள் வைத்தார்.

அன்று மாலை பச்சை மேடம் கேட்டார். "ஒரு வாரம் ஆச்சே?"

"கிடைச்சிடுச்சு மேடம்."

"எங்கே?"

"ஒரு... ஜாயின்ட். பழைய ஜாயின்ட் மேடம்."

"ஆள் கூப்பிடட்டுமா? தரையை உடைக்கணுமா?"

"ஐயையோ, உடைச்சிடாதீங்க," என்றார் பம்ப்காரர். குரல் தேவைக்குமேல் உயர்ந்துவிட்டது அவருக்கே தெரிந்தது. "உடைக்காமயே பாத்துக்கலாம். என்கிட்ட விட்டுடுங்க."

வெளியே வந்து பேட்ஜைக் கழற்றிப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். பேட்ஜின் ஊசி விரலில் குத்தியது. குத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

*

அவர்கள் தெருவில் தண்ணீர் காலையில்தான் வரும். அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். குழாய் முதலில் உஸ்ஸென்று மூச்சு விடும், பிறகு துருப்பிடித்த தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். அதற்குள் டிரம், வாளி, பானை எல்லாம் வரிசையில் நின்றுவிடும்.

அண்ணி வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பம்ப்காரர் டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே பாப்பா சாயங்கால ஷிப்டுக்கு யூனிபார்ம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஷிப்டு மதியம்தான் தொடங்கும்.

"மூணாம் மாடிக்கு வர்ற கெஸ்ட்டெல்லாம் ரொம்ப ஒழுக்கமானவங்களோ?" என்றார் பம்ப்காரர்.

"ஏன்?"

"அழுக்குத் துண்டைக்கூட மடிச்சுப் போடறாங்களாமே."

வாளி நிரம்பியது. அண்ணி நகர்த்தவில்லை. தண்ணீர் விளிம்பைத் தாண்டி அவள் காலில் வழிந்தது. பம்ப்காரர் குனிந்து குழாயை மூடினார். அந்த வீட்டில் ஒரு சொட்டு வழிந்தாலும் கத்துகிற மனிதர் கத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"மடிச்சா போட்டேன்?" என்றாள்.

"மூணா மடிச்சு, ஓரத்தை உள்ள செருகி."

"எனக்குத் தெரியவே தெரியாதுங்க."

"எனக்குத் தெரியாம இருக்குமா? கல்யாணம் ஆனதிலேருந்து அந்த மடிப்புலதானே முகம் துடைக்கறேன்?"

"மேடம்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"ஜாயின்ட்னு சொன்னேன்."

"என்ன ஜாயின்ட்?"

"நீதான். பழைய ஜாயின்ட்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினாள். அடக்கியது கண்ணுக்குப் போனது.

"சிரிக்காதடி. மோட்டார் விக்குது, தெரியுமா உனக்கு? காத்தைக் குடிக்குது. இன்னிக்கு விக்கறது நாளைக்கு நின்னா? அப்புறம் சலவை ஏது, ஹோட்டல் ஏது? இந்த மேடம் வராட்டியும் நான் இதைச் செஞ்சிருப்பேன். பேட்ஜுக்காகன்னு நினைச்சியா?"

"இல்லைங்க. தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அண்ணி உள்பக்கம் பார்த்தாள். "மெதுவா பேசுங்க."

"ஏன், யாரு..." என்று ஆரம்பித்தவர் அவள் பார்வை போன திசையைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அண்ணி துணி அறையில் கேட்டதை முணுமுணுப்பாகச் சொன்னாள். பெரிய சாவி சொன்னது, சாயங்கால ஷிப்டு, புதுசு, நிறுத்திட்டா போச்சு. பெரியப்பா போனில் சொன்னது அவருக்கே தெரியும்.

"துண்டு குறைஞ்சா உங்க மீட்டர் இறங்கும். மீட்டர் இறங்கினா இவ கிளம்பணும். நான் என்ன பண்ணட்டும்? தொங்கற துண்டைப் பாத்தாலே எனக்கு இவ பைதான் ஞாபகம் வருது. வாசல்ல வச்சுக்கிட்டு நின்னாளே, அந்தப் பை."

பம்ப்காரர் டிரம்மின் மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா?"

"இருக்க மாட்டேன்."

"அதான்."

"மெதுவா பேச வேண்டாம் அண்ணி." திரையை விலக்கிக்கொண்டு பாப்பா நின்றாள். கையில் தேய்ப்புப் பெட்டியின் சூடு இன்னும் இருந்தது போல விரல்களை உதறிக்கொண்டாள். "எனக்கும் தெரியும்."

"என்ன தெரியும்?"

"முதல் நாளே தெரியும். சிவப்புக் கயிறு மூட்டையைத் திறந்ததும் நம்ம வீட்டு அலமாரி மாதிரி இருந்துச்சு. அண்ணி ஏதோ மறதியா நல்ல துணியைப் போட்டுட்டீங்கன்னு நினைச்சேன். அப்புறம் தினமும் வந்துச்சு. ஆவி அண்ணன்தான் பேச்சுவாக்கில சொன்னார், ஷிப்டை எடுக்கப் போறாங்க போலன்னு. அப்ப புரிஞ்சுது."

"புரிஞ்சுமா பேசாம இருந்தே?"

"நீங்க மடிச்சு அனுப்பினீங்க. நான் பிரிச்சு மெஷின்ல போட்டேன். சில துண்டுல சோப்பு வாசனைகூட இருக்கும் அண்ணி. போடறதுக்கு முன்னாடி கை கூசும். அப்புறம் போட்டுடுவேன்." அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. "எனக்கும் போக இஷ்டம் இல்லயே அண்ணா."

பம்ப்காரர் டிரம்மை மூடியால் அழுத்தி மூடினார்.

அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரே வீடு. ஒருத்தி உருவறா, ஒருத்தி நனைக்கறா. நடுவில நான் ஒருத்தன், சுவத்துல காதை வச்சுக்கிட்டு! அந்த மெஷினுக்குப் பின்னாடி தவழ்ந்தேனே, முட்டி பேந்துபோச்சே, அப்பவாவது ஒருத்தி சொல்லியிருக்கக் கூடாதா?"

"சுண்ணாம்பைத் துவைச்சது நான்தானே," என்றாள் அண்ணி.

பாப்பா சிரித்தாள். பம்ப்காரர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரிப்பு தானாகத் தேய்ந்து போயிற்று. பேசவேண்டியது அப்படியே இருந்தது.

"இது நிக்காது," என்றாள் பாப்பா. "காஞ்ச துண்டைத் துவைச்சு எத்தனை நாள் என்னை வச்சுக்குவீங்க? மாடிகள்ல ஆள் கேக்கறாங்களாமே?"

அண்ணி திடுக்கிட்டுப் பார்த்தாள். உண்மைதான். குப்பை பிரிக்கணும், துண்டு பார்க்கணும், எல்லா மாடியிலும் கை போதவில்லை. இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்று பெரிய சாவியே மேலே எழுதிக் கேட்டிருந்தாள், மேடமும் சரி என்றிருந்தார். அந்தப் பேச்சை அண்ணி வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. அறை அறையாகப் போகிற வேலை. தெரியாத மனிதர்கள் தூங்கி எழுந்த அறைகள். இவளிடம் போய் அதை எப்படிச் சொல்வது?

"அது உனக்கு வேண்டாம்மா," என்றார் பம்ப்காரர்.

"அண்ணி." பாப்பா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டாள். "உள்ள போனதும்... கதவு?"

அந்த வார்த்தை அந்த வீட்டில் விழுந்து ரொம்ப நாளாகியிருந்தது.

"கதவுக்கு என்ன?" என்றாள் அண்ணி. "திறந்துதான் இருக்கும்."

"வேலை பாக்கும்போதா?"

"பின்னே? வண்டியை வாசல்ல குறுக்க நிறுத்திட்டுத்தான் உள்ள போகணும். கதவைச் சாத்திட்டு வேலை பாத்தா பெரிய சாவி உரிச்சுப்புடுவா. உள்ள கெஸ்ட் இருந்தாங்கன்னா அப்புறம் வரேன்னுட்டுக் கிளம்பிடணும். நடுவில வந்துட்டா நாம வெளிய. அதான் எங்க ரூல்."

"வண்டி குறுக்க நின்னா சாத்த முடியாதா?"

"எப்படிச் சாத்துவாங்க? விரிப்பும் துண்டும் சோப்பும் அடுக்கி மலை மாதிரி இருக்கும். ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடம் தள்ளவே எனக்கு இடுப்பு கழண்டுடும்."

பாப்பா திரையின் ஓரத்தை விரலில் சுற்றி விட்டாள்.

"இதை ஏன் அண்ணி இத்தனை நாளா சொல்லவே இல்ல?"

அண்ணி நிரம்பிய வாளியைச் சற்று நகர்த்தி வைத்தாள். வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பதெல்லாம் ஒரு செய்தியா? மூச்சு விடுகிற மாதிரி ஒரு வேலை. சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. அதற்கும்மேல், அந்த வீட்டில் அந்த வார்த்தையை எடுக்கக்கூடாது என்று ஆகிவிட்டிருந்தது. அதைப் பொத்திப் பொத்தி வைத்தது அவள்தான்.

"தோணலை பாப்பா," என்றாள். "சத்தியமா தோணலை."

குழாய் கடைசியாக ஒரு தடவை மூச்சு விட்டு நின்றது. அன்றைய தண்ணீர் அவ்வளவுதான்.

*

பெரிய சாவி பாப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். "சலவையில இருந்த பொண்ணு. மாடி வேலை தாங்குவியா?"

"பாக்கறேன்க்கா."

"பாக்கறது நான். கொஞ்ச நாள் அண்ணி கூட ஓடு. சரிப்படலைன்னா சொல்லிடுவேன். அப்புறம் சலவைக்குத் திரும்பறேன்னு வந்து நிக்காதே, அங்க ஷிப்டே இருக்காது."

மூன்றாம் மாடி நடையில் கம்பளம் விரித்திருந்தது. கடைசியில் ஒரு பெரிய ஜன்னல். இரண்டு பக்கமும் வரிசையாகக் கதவுகள், எல்லாம் சாத்தியே இருந்தன. பாப்பா அவற்றைப் பார்த்துக்கொண்டே வண்டியைத் தள்ளினாள். சக்கரம் ஒரு பக்கமாக இழுத்தது.

அண்ணி முதல் கதவைத் தட்டினாள். "ஹவுஸ்கீப்பிங்!" மறுபடி தட்டினாள். ஆள் இல்லை. திறந்தாள். வண்டியை வாசலில் குறுக்கே நிறுத்தி, சக்கரத்தின் பூட்டைக் காலால் அழுத்தினாள்.

"பாத்துக்கிட்டியா? இப்படி."

பாப்பா வண்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். படுக்கை கலைந்து கிடந்தது. ஒரு ஆணின் செருப்பு, ஒரு பெட்டி. அவள் மூச்சு சின்னதாகிவிட்டது அண்ணிக்குக் கேட்டது. ஆனாலும் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தாள். அண்ணி இன்னொரு முனையைப் பிடித்தாள். சலவையில் பழகிய கை, விரிப்பு ஒரே உதறலில் சுருக்கமில்லாமல் இறங்கியது.

"அடேயப்பா," என்றாள் அண்ணி. "பெரிய சாவி பாத்தா என்னைச் சலவைக்கு அனுப்பிடுவா."

அப்போதுதான் நடைக் கோடியில் யாரோ ஜன்னலைத் திறந்திருக்க வேண்டும். புழுதிக் காற்று ஒரு வீச்சாக வந்தது. கதவு வேகமாகச் சுழன்றது.

பாப்பா அப்படியே நின்றாள். உறை மாற்ற எடுத்த தலையணை கையிலிருந்து நழுவியது.

கதவு வண்டியில் மோதியது. டொப்பென்று ஒரு சத்தம். சோப்புக்கட்டிகள் குலுங்கின. கதவு பின்வாங்கியது. காற்று மறுபடி தள்ளியது. மறுபடி மோதியது. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. இடைவெளி வழியாக நடையும், கம்பளமும், எதிர் அறையின் எண்ணும் தெரிந்தன.

அண்ணி விரிப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஓடிப்போய்க் கதவைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. பிடிக்கவில்லை.

பாப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மூன்றாம் முறையும் மோதி, பிறகு சலித்துப்போனது போலத் திறந்தபடி நின்றது.

பாப்பா குனிந்து தலையணையை எடுத்தாள். தட்டினாள். உறையை மாட்டினாள்.

"குளியலறையை நான் பாக்கறேன் அண்ணி," என்றாள்.

உள்ளே கம்பியில் ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. பாப்பாவின் கை பழக்கத்தில் அதைத் தொட்டது. விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"லேசா ஈரம் இருக்கு அண்ணி."

"தொங்குதில்ல?"

"தொங்குது."

"அப்ப விடு."

அண்ணியின் கை மட்டும் அரிப்பெடுத்தது போலத் துண்டை நோக்கிப் போனது. பாப்பா அதைப் பார்த்துவிட்டாள். "மடிக்கப் போறீங்க," என்றாள்.

"ச்சே, இல்லடி." அண்ணி கையை ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் சலவைக்கூடத்து மீட்டரின் முள் கொஞ்சம் மெதுவானது. ரொம்ப இல்லை. இரண்டாம் மாடிக்காரி இன்னமும் சுருட்டித்தான் போட்டாள், குப்பை அறைக்காரர் இன்னமும் லாரியைத் திட்டிக்கொண்டிருந்தார். மோட்டாரின் விக்கலும் போகவில்லை. ஆனால் பச்சை மேடம் வந்து, "உங்க ஜாயின்ட் சரியாயிடுச்சு போலிருக்கே!" என்றபோது, பம்ப்காரர் ரொம்பப் பணிவாக, "கையாலதான் மேடம் சரி பண்ணினேன், ஒண்ணையும் உடைக்கல," என்றார்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, மூன்றாம் மாடியில் முதல் அறை முடிந்தது. அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியிடம் வந்தாள். அதற்குள் பாப்பா பூட்டைக் காலால் எடுத்துவிட்டு, இழுக்கிற சக்கரத்தை எதிர்ப்பக்கம் சாய்த்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

அடுத்த கதவின் முன் நின்றாள். கையைத் தூக்கினாள். ஒரு நொடி அது அந்தரத்தில் நின்றது.

தட்டினாள்.

"ஹவுஸ்கீப்பிங்," என்றாள். குரல் போதவில்லை என்று அவளுக்கே தோன்றியது. மறுபடி, மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஹவுஸ்கீப்பிங்!" என்றாள்.

உள்ளே யாரும் இல்லை. கதவைச் சுவரோடு சாயும்வரை தள்ளித் திறந்தாள். வண்டியை இழுத்து, அங்குலம் அங்குலமாகச் சரிபார்த்து, வாசலில் குறுக்கே நிறுத்தினாள்.